இரண்டாவது மினுவெட்

நம் பள்ளி மியூசிக் டீச்சர் காலமான செய்தி இதற்குள் நம் எல்லோருக்கும் வந்து சேர்ந்திருக்கும். இரங்கல் எழுதியவர்களில் பலர் அவருடைய கூட்டுப்பாடல் பயிற்சியையும் ஆண்டு விழா மேடையையும் நினைவுகூர்ந்திருந்தார்கள். ஹாலில் சுவரோரம் நின்ற பியானோவைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஒன்றுமே தெரியாத ஒருவனுக்கு அவர் அதை எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்பது எங்காவது பதிவாக வேண்டும் என்று தோன்றியது. நம் பழைய மாணவர் சங்க மலர்க் குழு கேட்டதும் சரி என்றேன்.

மதியம் மணி அடித்ததும் யார் யார் எங்கே ஓடுவோம் என்பது உங்களுக்கே தெரியும். நான் ஹாலுக்கு ஓடுவேன். அங்கே கற்க வந்தவர்கள் எல்லாம் சின்ன வகுப்புப் பிள்ளைகள். நான் ஒன்பதாம் வகுப்பு. இசைத் தாளின் ஐந்து கோடுகளில் எது எந்த நோட் என்றுகூடத் தெரியாது.

டீச்சர் உடனே வாசிக்க விடவில்லை. மொத்தம் 88 கட்டைகள், அதில் 36 கருப்பு. கருப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று சேர்ந்து சேர்ந்து நிற்கும். இரண்டாக நிற்பவற்றுக்கு இடப்பக்கத்தை ஒட்டிய வெள்ளைக் கட்டை சி. கண்ணை மூடிக்கொண்டு, கருப்புக் கட்டைகளைத் தடவியே எல்லா சி-யையும் எடுக்க வேண்டும். "கண்ணு தாளுல இருக்கணும் தம்பி, கை தானாப் போகணும்" என்பார்.

அப்புறம் ஒருநாள் பியானோவின் முன்பலகையைக் கழற்றி உள்ளே காட்டினார். மேல் நோட்டுகளுக்கு மும்மூன்று கம்பிகள், கீழே போகப் போக இரண்டு, அடியில் தடித்த ஒற்றைக் கம்பி. ஒரு கட்டையை மிக மெதுவாக அழுத்தச் சொன்னார். சத்தமே வரவில்லை. கம்பியை அடிக்கிற சின்னச் சுத்தியல், அதைத் தொடுவதற்குச் சற்று முன்பே கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுவிடுகிறது. கடைசித் தூரத்தைத் தன் வேகத்தில்தான் கடக்கிறது. வேகம் போதவில்லை என்றால் கம்பிவரை போகாது. 1700ஆம் ஆண்டுவாக்கில் இத்தாலியில் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி செய்த பெரிய காரியம் இதுதான் என்றார். அதற்கு முந்தைய ஹார்ப்சிகார்ட் என்ற கட்டை வாத்தியத்தில் கம்பியைச் சுண்டித்தான் ஒலி வரும். விரல் அழுத்தத்தை மாற்றிச் சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. சத்தம் வந்த பிறகு கட்டையை எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது, அந்த நோட்டின் கனம் அதற்கு முன்பே முடிவாகிவிட்டது என்பதை நான் அன்று கண்ணால் பார்த்தேன். இன்றைக்கும் கட்டையைத் தொடும்போது அந்தச் சுத்தியல்கள் என் கண்ணுக்குத் தெரிகின்றன.

விரல்களுக்கு எண் உண்டு. இரண்டு கையிலும் கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து. சி மேஜர் ஸ்கேலில், அதாவது ஒரு சி-யிலிருந்து அடுத்த சி வரை, எட்டு நோட், விரலோ ஐந்து. அதனால் வலது கையில் மூன்றாம் விரல் வாசித்ததும் கட்டைவிரல் அதற்கு அடியில் நுழைந்து நான்காவது நோட்டைப் பிடிக்கும். இரண்டு கையும் ஒரே திசையில் போனால் இந்த மாற்றம் இரண்டிலும் வெவ்வேறு இடத்தில் வரும். புதிதாகக் கற்பவன் அங்கேதான் திணறுவான். டீச்சர் இரண்டு கட்டைவிரலையும் நடு சி-யில் வைத்து, கைகளை எதிரெதிர்த் திசையில் விரித்துக்கொண்டு போகச் சொன்னார். அப்படிப் போகும்போது இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் ஒரே விரல்தான் வரும். இவ்வளவு எளிதான வழியை ஏன் எல்லாரும் முதல் பாடமாக வைப்பதில்லை என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

புதுப் பாடம் எதுவானாலும் முதலில் மூடியைச் சாத்திவிட்டு அதன் மேல்தான். ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்று என்று விரல் எண்ணைச் சொல்லிக்கொண்டே மரத்தில் தட்ட வேண்டும். சத்தம் இருந்தால் காது அதன் பின்னால் போய்விடும், விரல் என்ன செய்கிறது என்று கவனிக்காது என்பது அவர் எண்ணம்.

அப்படித் தட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம் மேல் வகுப்பு அண்ணன்மார் நாலைந்து பேர் ஹாலுக்குள் வந்தார்கள். மூடிய பியானோவின் முன்னால் உட்கார்ந்து நான் தட்டுவதைப் பார்த்ததும் அவர்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஒருவர் மேடை விளிம்பில் தாளம் போட, மற்றவர்கள் எண்களைக் கத்தினார்கள். சின்னப் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது, கை நின்றுவிட்டது. டீச்சர் அவர்களை அதட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் இடப்பக்கம் உட்கார்ந்தார். "நீ வலது கையை எடுத்துக்கோ, இடது என்னுது" என்றார். இருவரும் சேர்ந்து அந்த மூடியின் மேல் முழுப் பாடத்தையும் தட்டினோம். அத்தனை ஆண்டு அனுபவம் உள்ள ஒருவர் எல்லார் முன்னாலும் எனக்காக அதைச் செய்தார். எப்போது அவர்கள் வெளியே போனார்கள் என்று நான் கவனிக்கவே இல்லை.

அந்தப் பாடம் ஜி மேஜர் ஸ்கேலில் உள்ள மினுவெட், பழைய ஐரோப்பிய நடன இசை வகை. பியானோ கற்கிற யாரும் அதைத் தாண்டி வந்திருப்பார்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தன் மனைவி அன்னா மக்தலேனாவுக்காக 1725இல் தொடங்கிய கையேட்டில் இருப்பதால் வெகுகாலம் அவருடையது என்றே நம்பப்பட்டது. டிரெஸ்டனில் ஆர்கன் வாசித்த கிறிஸ்டியான் பெட்ஸோல்ட் எழுதியது என்று இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தெரியவந்தது. மொத்தம் 32 பார், அதாவது தாளக் கட்டங்கள். டீச்சர் கடைசி நாலு பாரிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் சொல்லிக்கொடுத்தார். வாசிக்க வாசிக்கத் தெரிந்த பகுதிக்குள் போய்ச் சேருவோம், பயம் குறையும்.

பெட்ஸோல்ட் அதற்கு ஜோடியாக ஜி மைனரில் இன்னொரு மினுவெட்டும் எழுதியிருக்கிறார். இரண்டாவதை வாசித்துவிட்டு முதலாவதுக்குத் திரும்புவது வழக்கம். "அடுத்த டேர்ம் அதைப் பார்ப்போம்" என்றார் டீச்சர். அடுத்த டேர்முக்கு நான் அங்கே இல்லை. குடும்பத்தோடு கடல் கடந்துவிட்டேன்.

இங்கே வந்து பல ஆண்டுகள் பியானோ இல்லாமல் மேஜை விளிம்பில் விரல் எண் சொல்லித் தட்டியிருக்கிறேன். வசதி வந்தபோது கனமான கட்டைகள் உள்ள டிஜிட்டல் பியானோ ஒன்று வாங்கினேன். நல்ல ஆசிரியர்களிடமும் கற்றேன். அவர்கள் இரண்டாவது மினுவெட்டைச் சொல்லித்தர முன்வந்தபோதெல்லாம் வேறு பாடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அது அவரிடம் கற்க வேண்டிய பாடம் என்று மனதுக்குள் ஒதுக்கி வைத்திருந்தேன். வந்த வாழ்க்கையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு டேர்ம் மட்டும் இருந்துவிட்டு வந்திருக்கக் கூடாதா என்று இந்த மாதம் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அதைத் தனியாகப் படிக்கிறேன், கடைசி நாலு பாரிலிருந்து.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஹாலில் அந்தப் பியானோ இன்னும் இருக்கிறது, யாரும் தொடுவதில்லை என்று அண்மையில் போய் வந்தவர்கள் சொன்னார்கள். சுருதி சேர்க்காமல் கிடக்கும் பியானோவில் கம்பிகள் தளர்ந்து சுருதி முழுக்க இறங்கிவிடும். ஒரே தடவையில் ஏ நோட்டை அதற்குரிய சுருதியான 440 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினாலும் நிற்காது. மறுபடியும் ஆளை அழைக்க வேண்டும், பிறகு ஆண்டுக்கு இரண்டு முறையாவது பார்க்க வேண்டும். சுத்தியல்களின் கம்பளியும் தேய்ந்திருக்கும். டீச்சர் பெயரில் நினைவுப் பலகை வைப்பதற்கு முன்னால் இதைச் செய்வோம். என் பங்கைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். சேர விரும்புகிறவர்கள் அவரிடமே பேசலாம்.