எல் என்ற ஓர் எழுத்து

"கட்டி இருக்கிறது என்று எழுதுவதா, கட்டியால்தான் இரத்தம் போகிறது என்று எழுதுவதா, மேடம்?" என்று முதுநிலை மாணவி கேட்டார். "எல் என்று போடுங்கள், போதும்" என்றேன். மிகையான மாதவிடாய்ப் போக்கின் காரணப் பட்டியலில் கருப்பை நார்த்திசுக்கட்டிக்கான எழுத்து எல். நான் சொன்னது தவறான பதில் என்று இன்றும் தோன்றவில்லை. கேட்ட கேள்விக்கு அது பதிலா என்பதுதான் உறுத்துகிறது.

அந்தப் பெண்ணுக்கு மாதவிடாய் நாள் தவறாமல் வந்தது, போக்குதான் மிகுதி. இரத்தம் உறைவதில் கோளாறு உண்டா என்றறிய, பல் பிடுங்கியபோது இரத்தம் நிற்காமல் போனதா, அடிபடாமலே உடம்பில் கன்றிப்போகிறதா என்றெல்லாம் மாணவி விசாரித்திருந்தார். எதற்கும் இல்லை என்றே பதில். ஸ்கேனில் கருப்பையின் தசைச்சுவருக்குள் சிறிய நார்த்திசுக்கட்டி ஒன்று தெரிந்தது. கருப்பையின் உட்சவ்வை அது தொடவில்லை.

மகப்பேறு, மகளிர் மருத்துவர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிகோ 2011-இல் வெளியிட்டு 2018-இல் திருத்திய பாம்-கோயின் வகைப்பாடு, இயல்புக்கு மாறான கருப்பை இரத்தப்போக்கின் காரணங்களுக்கு ஓரோர் எழுத்து தந்து, ஸ்கேனிலோ திசுப் பரிசோதனையிலோ காணக்கூடிய நான்கு காரணங்களை ஒருபுறமும், அவ்வாறு காண இயலாத காரணங்களை மறுபுறமும் வைக்கிறது. எந்தத் தொல்லையும் இல்லாத பெண்களுக்கும் கட்டி இருக்கலாம் என்பதால், கண்டதெல்லாம் காரணமாகாது என்பதையும் அது ஏற்கிறது. உட்சவ்வுக்கடியில் உள்ள கட்டியைத் தனியே பிரித்துக் குறிக்கச் சொல்வதும் அதனால்தான். ஆனால் ஒவ்வோர் எழுத்துக்கும் சுழியமோ ஒன்றோ இட்டு முழுக் குறியீட்டையும் எழுத, நெரிசல் மிகுந்த ஓபியில் யாருக்கு நேரம் இருக்கிறது? ஓர் எழுத்துதான் மிஞ்சுகிறது. அதுவும் ஸ்கேன் காட்டிய எழுத்து.

இ என்று எழுதியிருக்கலாமே என்றும் யோசித்துப் பார்க்கிறேன். உட்சவ்விலேயே உள்ள கோளாற்றைக் குறிக்கும் அந்த எழுத்தை உறுதிசெய்ய வழக்கமான பரிசோதனை எதுவும் கிடையாது. மற்றவற்றை விலக்கிய பிறகே அதற்கு வர முடியும். கட்டி கண்முன் இருக்கும்போது அதை விலக்கிவிட்டதாக எப்படி எழுதுவது? கைவிடப்பட்ட "செயல்பாட்டுக் கோளாற்று இரத்தப்போக்கு" என்ற பழைய பெயரை நானும் குறைகூறியவள்தான். ஆயினும் காரணம் தெரியவில்லை என்பதை அது ஓரளவு ஒப்புக்கொண்டது.

இவ்விரண்டில் எந்த எழுத்தாக இருந்தாலும் இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலமோ கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் வளையமோதான் தந்திருப்போம்; அப்படியானால் எழுத்தைப் பற்றி இவ்வளவு யோசிப்பது வீண் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். ஆனால் சீட்டு எங்களோடு நிற்பதில்லை. மருந்தால் போக்கு குறையாமல் அந்தப் பெண் வேறொரு மருத்துவரிடம் போனால், எல் என்பதைப் பார்த்ததும் கருப்பையை எடுத்துவிடலாம் என்ற பேச்சு எளிதில் எழும்.

இப்போதெல்லாம் எல் என்பதன் கீழ் "காரணமா என்பது உறுதியில்லை" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன். சந்தேகத்தைக் கேஸ் ஷீட்டில் ஏற்றினால் அடுத்தவருக்கு எதுவும் விளங்காது என்று மூத்த சகா ஒருவர் அதை அடித்துவிடுகிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால், நான் வாதாடுவதில்லை. மறுநாளும் அதே வரியைச் சேர்க்கச் சொல்கிறேன்.