ஹட்டன் குளிரில் ஒரு ஆமைப் பிரசவம்

எங்கள் வீட்டு ஆமையின் பெயர் பொட்டு. கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சிவப்புக் கோடு இருப்பதால் அக்காவின் மகள் வைத்த பெயர். கடைக்காரர்கள் ரெட்-இயர்ட் ஸ்லைடர் என்பார்கள். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து இனம். செல்லப்பிராணி வியாபாரத்தில் இந்தப் பக்கமும் வந்து சேர்ந்துவிட்டது. கண்டியில் ஒரு மீன் தொட்டிக் கடையில் வாங்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சு. ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. வளர்ந்த பிறகுதான் தெரிந்தது: ஆணுக்கு முன்காலில் நகம் நீளமாக வளரும், வாலும் தடித்து நீண்டிருக்கும். இவளுக்கு நகமும் கட்டை, வாலும் கட்டை.

பெரிய மழை தொடங்கிய நேரத்தில்தான் குணம் மாறியது. விடிய விடியத் தொட்டிக் கண்ணாடியைச் சுரண்டல். குளிர்காய வைத்திருக்கும் செங்கல் மேல் ஏறுவாள், இறங்குவாள், மறுபடி ஏறுவாள். நெத்தலி போட்டால் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். வெளியே விட்டால் நேராக மூலைக்குப் போய், சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்காலால் சீமெந்துத் தரையைத் தோண்டப் பார்ப்பாள். இடது கால் ஒரு தரம், வலது கால் ஒரு தரம், அவசரமே இல்லாமல். இந்தப் பின்கால் வேலையைப் பார்த்த பிறகுதான் முட்டையாக இருக்கும் என்று எனக்குப் பட்டது. தொட்டி பிடிக்காத ஆமையும் கண்ணாடியைச் சுரண்டும், ஆனால் அது முன்காலால்.

"ஆண் ஆமையே இல்லையே, எப்படிடா முட்டை?" என்று அம்மா கேட்டார். சேவல் இல்லாமல் பண்ணைக் கோழி முட்டை போடுவது மாதிரித்தான் இதுவும். குஞ்சு வராது, ஆனால் முட்டை உருவாகிவிட்டால் வெளியே வந்தே ஆக வேண்டும். அடுத்த வீட்டு மாமா சுலபமான வழி ஒன்று சொன்னார்: "காசல்ரீ நீர்த்தேக்கத்துல விட்டுருங்க தம்பி, அது பாட்டுக்குப் போட்டுக்கும்." நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் உலகில் மிக மோசமாகப் பரவும் 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலில் இந்த ஆமையும் ஒன்று. நம் ஊர்க் கல்லாமை, பாலாமைகளின் இடத்தையும் தீனியையும் பிடித்துக்கொள்ளும். வீட்டில் வளர்க்க முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுக்கலாம், குளத்தில் விடக்கூடாது.

பின்தொடைக்கு முன்னால் ஓட்டுக்கு உள்ளே ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே விரலை மெதுவாக வைத்தால் சில நேரம் முட்டை தட்டுப்படும் என்பார்கள். நான் அதைச் செய்யவில்லை. அழுத்தம் கூடி உள்ளே முட்டை உடைந்தால் அதன் மஞ்சள் கரு வயிற்றுக்குள் பரவி உயிருக்கே ஆபத்து. ஊரில் பார்த்த மிருக வைத்தியர், "எனக்கு மாடும் நாயும்தான் பழக்கம், பேராதனைக்குக் கொண்டு போங்க" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். நல்லதாகப் போயிற்று.

ஆமையைத் தண்ணீரோடு தூக்கிக்கொண்டு போகக்கூடாது. மூடியில் ஓட்டை போட்ட பெட்டி, அடியில் ஈரத் துவாய், அவ்வளவுதான். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ் இறங்க இறங்கக் குளிர் விட்டது. அதுவரை சும்மா கிடந்தவள் கம்பளை தாண்டியதும் பெட்டியைப் பிறாண்டத் தொடங்கினாள். பக்கத்து சீட் அம்மா கோழியா என்று கேட்டார். ஆமை என்றதும் காலை மடக்கிக்கொண்டார்.

பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முட்டை ஓட்டில் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் படத்தில் மெல்லிய வெள்ளை வளையங்களாகத் தெரியும். ஒன்பது. அங்கே இருந்த ஒரு தமிழ் மாணவி விளக்கினார்: "அண்ணா, முட்டை எல்லாம் ஒழுங்கான உருவம். இடுப்பெலும்பு வழியா வர்ற அளவுதான். இப்ப ஊசி தேவையில்லை. இடம் கொடுத்துப் பாருங்க." ஒக்சிடோசின் என்று ஒரு ஊசி இருக்கிறது, கல்சியமும் சேர்த்துக் கொடுத்து முட்டையை வெளியே வரவைப்பார்கள். ஆனால் கோணல் முட்டையோ, பெருத்த முட்டையோ வழியை அடைத்துக்கொண்டிருந்தால் அந்த ஊசியே ஆபத்து. எக்ஸ்ரே இல்லாமல் அதைப் போடக்கூடாது என்பது இதனால்தான். பிடித்த இடம் கிடைக்காவிட்டால் ஆமை முட்டையை அடக்கி வைத்துக்கொள்ளுமாம். வாரக் கணக்கில் கூட.

இங்கேதான் மலையகத்தின் சிக்கல். கொழும்பில் ஒரு மண் பெட்டி வைத்தால் போதும். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1200 மீற்றருக்கு மேல். மழை நாளில் வீட்டுக்குள் வைத்த மண்ணும் சில்லென்றுதான் இருக்கும். அவளுக்கு வேண்டியது 27, 28 பாகை செல்சியஸ் சூடாவது உள்ள மண். பெட்டி செய்வது ஒரு பொழுது வேலை, அதைச் சூடாக வைத்திருப்பதுதான் முழு வேலையும்.

உடுப்புத் துவைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை எடுத்தேன். தேயிலை மலை மண்ணை அள்ளவில்லை, அதில் உரமும் புல்லுக்கு அடிக்கும் மருந்தும் இருக்கும். வீட்டுக்குப் பின்னால் வாழையடி மண்ணைச் சலித்து ஆற்று மணலோடு பாதிக்குப் பாதி கலந்தேன். எங்கள் பக்கத்துச் செம்மண் தனியாகப் போட்டால் களியாகிவிடும், மணல் தனியாகப் போட்டால் குழி சரிந்துவிடும். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. விரலை விட்டு எடுத்தால் ஓட்டை அப்படியே இருக்க வேண்டும். ஆழம் ஒரு அடி.

தொட்டிக்கு அடியில் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பலகை, இல்லாவிட்டால் சீமெந்துத் தரை சூட்டை எல்லாம் உறிஞ்சிவிடும். மேலே பல்ப். எல்ஈடி பல்ப் வெளிச்சம் மட்டும்தான் தரும், சூடு வராது. கோழிக்குஞ்சுக்குப் போடுகிற பல்ப் விவசாயக் கடையில் கிடைத்தது, அதைத் தொட்டியின் ஒரு பக்கமாக, எட்டாத உயரத்தில் தொங்கவிட்டேன். மேல் மண் சுடும், அடி மண் சுடாது. ஆகவே தெர்மாமீட்டரை மண்ணுக்குள் செருகிப் பார்க்க வேண்டும். மழையில் கரண்ட் போகும்போது சுடுதண்ணீர் போத்தல்களைத் துணியில் சுற்றித் தொட்டியின் வெளிப்பக்கம் அணைத்து வைத்தோம். அம்மா இரவில் எழும்பி மாற்றியதும் உண்டு. ஆமைக்கு இதெல்லாமா என்று முதலில் சொன்னவரும் அவர்தான்.

தொட்டியைச் சுற்றிப் பழைய புடவை கட்டி மறைத்தேன். ஆள் நடமாட்டம் தெரிந்தால் தோண்டுவதை விட்டுவிடும். உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்துத் தண்ணீருக்குத் திருப்பி எடுத்து, குடித்த பிறகு மறுபடி விட வேண்டும். தோண்டுவாள், பிடிக்காமல் விடுவாள், வேறு பக்கம் தோண்டுவாள். இதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை.

போட்டது ஒரு விடியற்காலையில். பல்புக்குக் கீழே மண்ணில் மூத்திரம் விட்டு இளக்கியிருந்தாள். புடவை இடுக்கால் பார்த்தபோது பின்கால் முழுவதும் குழிக்குள். ஒரு முட்டை விழுந்ததும் காலாலேயே அதை ஓரமாகத் தள்ளி அடுத்ததற்கு இடம் செய்தாள். நீள வாக்கில், பால் வெள்ளை, தொட்டால் கோழி முட்டையைவிடச் சற்று இளக்கமான ஓடு. பிறகு மண்ணைத் தள்ளி மூடி அடி ஓட்டால் அமுக்கிவிட்டு, அதன்பிறகு அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

தோண்டி எண்ணினால் எட்டு. எண்ணிக்கை தெரிந்திருந்ததால்தான் கவலை வந்தது, ஒன்று உள்ளே நின்றால் அதுவே பிரச்சினையாகும். அடுத்த நாள் ஒன்பதாவது தண்ணீருக்குள் கிடந்தது. உடைந்த கருவால் தண்ணீர் கலங்கியிருந்ததால் உடனே முழுவதும் மாற்றினோம். ஆமைத் தொட்டியைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், குசினியில் அந்தத் தண்ணீரை ஊற்றக்கூடாது. சல்மொனெல்லா கிருமி இருக்கும்.

சுறுசுறுப்பாகத் தோண்டிக்கொண்டு சாப்பிடாமல் இருப்பது பயப்படுகிற விஷயமல்ல. சோர்ந்து கிடந்தால், முக்கியும் ஒன்றும் வராவிட்டால், ஓரிரு முட்டை போட்டுவிட்டு நின்று சதையோ இரத்தமோ வெளியே தெரிந்தால், பெட்டியெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே வைத்தியரிடம் ஓட வேண்டும்.

இப்போது பொட்டு நன்றாகச் சாப்பிடுகிறாள். முள்ளோடு சின்ன மீன், சுண்ணாம்புச் சத்துக்குக் கடித்துக்கொள்ளத் தொட்டியில் மிதக்க ஒரு கணவாய் ஓடு, வெயில் வருகிற நேரம் முற்றத்தில் குளிர்காய்தல். ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெயில் போதாது, ஓட்டுக்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். ஒரே பருவத்தில் இன்னொரு முறையும் போடலாம் என்று மாணவி சொல்லியிருந்ததால் மண் தொட்டியை எடுக்கவில்லை. மழை நாளில் உடுப்பு காயப்போடுகிற அறை அது. அம்மா ஒரு கொடியைத் தொட்டிக்கு மேலேயே கட்டிவிட்டார், பல்புச் சூட்டில் சீக்கிரம் காய்கிறதாம்.