ஐவிப்ராபிட்டைத் தட்டும் முன்

விளைவு ஆம்/இல்லை, காரணம் என்று நாம் சந்தேகிப்பதும் ஆம்/இல்லை, போதாக்குறைக்கு அது எண்டோஜீனஸ் (நாம் அளக்காத ஏதோ ஒன்று காரணத்தையும் விளைவையும் சேர்த்து ஆட்டுவது) வேறு. இப்படி ஒரு கேள்வி வந்தால் பலபேர் ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளைத் திறந்து ஐவிப்ராபிட் (ivprobit: ஆம்/இல்லை விளைவுக்கான வளைகோட்டு மாதிரி ப்ராபிட், அதைக் கருவி மாறியோடு ஓட்டும் கட்டளை) என்று தட்டிவிடுகிறார்கள். பெயரைப் பார்த்தால் இதற்கென்றே செய்த மாதிரிதான் இருக்கிறது. இல்லை.

ஆங்ரிஸ்ட்டும் எவன்ஸும் 1998-ல் எழுதிய கட்டுரையை எடுத்துக்கொள்வோம். இரண்டு குழந்தை உள்ள அமெரிக்கத் தாய் மூன்றாவதும் பெற்றால் வேலைக்குப் போவது எவ்வளவு குறையும்? வேலையில் ஆர்வமில்லாதவர்தான் மூன்றாவது பெறுகிறாரோ என்னவோ, நேராக ஒப்பிட முடியாது. முதல் இரண்டும் ஆணாகவோ இரண்டும் பெண்ணாகவோ அமைந்தால், மாற்றி ஒன்று வேண்டும் என்று சிலர் அடுத்ததற்குப் போவார்கள் அல்லவா, அதைத்தான் கருவியாக (காரணத்தைத் தள்ளிவிடும், ஆனால் விளைவை நேராகத் தொடாத மாறியாக) பிடித்தார்கள். 1980 சென்சஸில் அது மூன்றாவது குழந்தைக்கான வாய்ப்பைச் சுமார் 6 சதவீதப் புள்ளி கூட்டியது. சாதாரண ஓஎல்எஸ் (நேர்கோடு பொருத்தி நேராக ஒப்பிடுவது) வேலைக்குப் போவது சுமார் 18 புள்ளி குறைகிறது என்றது, இருநிலை முறை (முதல்நிலையில் கருவியை வைத்துக் காரணத்தைக் கணித்து, அந்தக் கணிப்பை வைத்து விளைவைப் பார்ப்பது) 12 என்றது. (ஒரே பாலாக இருந்தால் அண்ணன் சட்டை தம்பிக்கு ஆகும், செலவு குறையும், அதுவே வேலை முடிவைப் பாதிக்கலாமே என்று ரோசன்ஸ்வைக்கும் வோல்பினும் 2000-ல் கேட்டார்கள். நியாயமான கேள்வி.)

ஐவிப்ராபிட் முதல்நிலைப் பிழை நார்மலாக (மணி வடிவில்) பரவியிருக்கிறது என்று வைத்துக்கொள்கிறது. மூன்றாவது குழந்தை 0 அல்லது 1. மற்ற மாறிகளைப் பிடித்து வைத்தால் மிச்சப் பிழைக்கு இரண்டே மதிப்புதான், அது எப்படி நார்மல் ஆகும்? சரி, முதல்நிலைக் கணிப்பை எடுத்து ப்ராபிட்டுக்குள் போட்டால்? அது இன்னும் மோசம். நேர்கோட்டில் சராசரியைப் போட்டால் சராசரி வரும், வளைகோட்டில் வராது.

இரண்டும் 0/1 என்றால் பைப்ராபிட் (காரணத்துக்கும் விளைவுக்கும் ஒவ்வொரு ப்ராபிட், இரண்டையும் சேர்த்து ஓட்டுவது) பொருந்தும், இரண்டு பிழைகளும் சேர்ந்து நார்மல் என்று நம்பினால். கருவியே இல்லாமலும் அது ஒரு விடையைத் துப்பிவிடும், வளைகோட்டின் வடிவத்தை மட்டும் நம்பி. அதைத்தான் நான் நம்பமாட்டேன். முதலில் நேரியல் இருநிலை முறையை ஓட்டுங்கள். எண்கள் விலகினால் உடனே பதற வேண்டாம்: இருநிலை முறை தருவது கருவியால் முடிவை மாற்றிக்கொண்டவர்களின் விளைவு, பைப்ராபிட் தருவது எல்லோருக்குமான சராசரி.

அப்புறம், பைப்ராபிட்டுக்குப் பின் மார்ஜின்ஸ் (விளைவின் அளவைக் கணக்கிடும் கட்டளை) என்று சும்மா கொடுத்தால் இரண்டும் 1 ஆகும் கூட்டு நிகழ்தகவைத்தான் எடுத்துக்கொள்ளும். பிமார்க்1 (pmarg1: முதல் சமன்பாட்டின் விளைவு மட்டும் 1 ஆகும் நிகழ்தகவு) என்று கேட்டு வாங்குங்கள்.