யாருக்குப் பக்கத்தில் யார் பெயர்

நினைவுச்சின்னம் ஒன்றுக்காகக் கலைஞர்கள் கூடினால் பேச்சு முதலில் உருவத்தைப் பற்றித்தான் போகும், சிலையா சுவரா, கருங்கல்லா வெண்கலமா என்று. நான் கல்லில் எழுத்து வெட்டுகிறவன். பெயர்ப் பட்டியல் எங்கே, அதை யார் சரிபார்த்தது என்பதுதான் என் முதல் கேள்வி.

பல வருடங்களுக்கு முன் ஒரு தையல் ஆலைத் தீயில் இறந்தவர்களுக்கான சுவர் அது. சிற்பி ஒருவர், கட்டடக் கலைஞர் ஒருவர், அப்புறம் நான். அகர வரிசையில் போட்டால் தேடுவது சுலபம் என்றார் கட்டடக் கலைஞர். நியாயம்தான், ஆனால் அப்படிப் போட்டால் அம்மா ஒரு பலகையிலும் மகள் வேறொரு பலகையிலும் போய் நிற்பார்கள், மொத்தச் சுவரும் வருகைப் பதிவேடு மாதிரி ஆகிவிடும். வாஷிங்டனில் 1982இல் திறந்த வியட்நாம் போர் நினைவுச் சுவரில், அதை வடிவமைத்த மாயா லின் பெயர்களைக் கால வரிசையில் வைத்தார், அதனால் ஒரே சண்டையில் இறந்தவர்கள் கல்லிலும் சேர்ந்தே இருக்கிறார்கள். நியூயார்க்கின் செப்டம்பர் 11 நினைவிடத்துக்கு, அதை வடிவமைத்த மைக்கேல் அராடின் குழு, யார் பெயர் யாருக்குப் பக்கத்தில் வரவேண்டும் என்று குடும்பங்களிடமே கேட்டு 2,983 பெயர்களை அடுக்கியது.

நாங்களும் கேட்டோம். யார் எந்த மேசையில், யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தார் என்று உயிர் பிழைத்தவர்கள் சொல்லச் சொல்ல அதுவே வரிசையாகிவிட்டது. அதில் ஒரு சிக்கல்: சிற்பி நடுவில் வைக்க நினைத்த பெரிய பெண் உருவம் இரண்டு மேசைகளைப் பிரித்தது. காரசாரமாகவே பேசினோம். கடைசியில் அவர் உருவத்தையே எடுத்துவிட்டு, பெயர்களுக்குக் கீழே மேசை விளிம்பை மட்டும் புடைப்பாகச் செதுக்கினார். தன் உருவத்தை விட்டுக்கொடுக்க ஒரு சிற்பிக்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று எனக்குத் தெரியும். சுவரில் அவர் வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

பெயர் தெரியாதவர்களுக்கு வெற்றிடம் விடுவதில்தான் இன்னொரு வாக்குவாதம். காலியாக விட்டால் முடிக்காத வேலை போலத் தெரியும் என்றார்கள். 1911இல் நியூயார்க் ட்ரையாங்கிள் தையல் ஆலைத் தீயில் இறந்த 146 பேரில், கடைசி ஆறு பேரின் பெயர் 2011இல்தான் உறுதியானது, நூறு வருடம் கழித்து. அதைச் சொன்ன பிறகு யாரும் மறுக்கவில்லை. அடையாளம் தெரியாதவர்கள் இருந்த மேசைகளில் அவரவர் இடத்தைக் காலியாகவே விட்டோம். பெயர் கிடைக்கிற அன்றைக்குப் பலகையைக் கழற்றாமல் அங்கேயே நின்று வெட்ட, உளி பிடிக்கத் தோதான உயரத்தில்தான் அவை இருக்கின்றன.