மொட்டையடிக்காதீர்கள், பூக்கும்

பிப்ரவரி வந்தாலே எங்கள் டல்லாஸ் பக்கம் ஒரு கூத்து. வீட்டு வாசலில் அழகுக்காக வளர்க்கும் கிரேப் மிர்டில் என்ற பூமரங்களை எல்லாம் இடுப்பளவுக்கோ தோளளவுக்கோ மொட்டையடித்து விடுகிறார்கள். கேட்டால், வெட்டினால்தான் பூக்குமாம். இது புதுத் தளிரில் பூக்கிற மரம், அது வரைக்கும் சரி. ஆனால் வெட்டாவிட்டாலும் வசந்தத்தில் தானாகத் தளிர்க்கும். வெட்டிய இடத்திலிருந்து கிளம்பும் ஒல்லிக் குச்சிகள்தான் ஜூலை மழையில் பூப்பாரம் தாங்காமல் தரையைத் தொடும். வருடா வருடம் அதே இடத்தில் வெட்டினால் அங்கே முண்டு விழுந்து, குளிர்காலத்தில் பார்க்கவே சகிக்காது.

அடியில் முளைக்கும் கன்றுகள், ஒன்றோடொன்று உரசும் கிளைகள், காய்ந்தவை. இவற்றை மட்டும் எடுத்தால் போதும்.

ஜன்னலை மறைக்கிறது என்பவர்கள் வாங்கும்போதே ரகம் பார்த்திருக்க வேண்டும். வெள்ளைப் பூ பூக்கும் 'நாட்செஸ்' இருபது, முப்பது அடி போகும். இலையில் வெள்ளைப் பொடியாகப் படியும் சாம்பல் நோயை நன்றாகத் தாங்கும், பட்டை உரிந்து இலவங்க நிறத்தில் மின்னும், எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் ஜன்னலடிக்குக் குட்டை ரகம்தான் சரி. எதுவானாலும் முழு வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் இலைதான் மிஞ்சும்.

அப்புறம், அடிமரம் கறுத்திருந்தால் கிளைக் கவட்டைகளைப் பாருங்கள். வெள்ளையாக ஒட்டியிருப்பதை நசுக்கினால் இளஞ்சிவப்பாகக் கசிகிறதா? செதில் பூச்சி. அமெரிக்காவில் இதை 2004-இல் இங்கே டல்லாஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில்தான் முதலில் கண்டார்கள். சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். பொறிவண்டுகள் இதைத் தின்னும், அதனால் அவசரப்பட்டு மருந்தடிக்க வேண்டாம்.