கன்சோலில் குறி ஒட்ட: சித்திரை முதல் ஆடி வரை நான்கு ஷூட்டர்கள்

புது ஷூட்டர் (துப்பாக்கியால் சுடும் விளையாட்டு) வந்த அன்றைக்கே "கன் ரொம்பக் கனமா இருக்கு, குறி ஒட்டவே மாட்டேங்கு" என்ற பேச்சு கிளம்பிவிடும். அந்தப் பழியில் பாதி விளையாட்டுக்குச் சேராது. டிவிக்கும் கன்ட்ரோலருக்கும் சேரும். அதனால் முதலில் இரண்டையும் சரிசெய்து, பிறகு நான்கு விளையாட்டுகளையும் ஒரே அமைப்பில் ஓட்டிப் பார்த்த குறிப்பு இது. பாளையங்கோட்டையில் ஒரு மாடி ஹால், பிளேஸ்டேஷன் 5, 43 அங்குல 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 படம் காட்டும்) டிவி, உட்காரும் தூரம் 8 அடி. விளையாட்டுகள்: டூம்: தி டார்க் ஏஜஸ் (2025 மே), பேட்டில்ஃபீல்ட் 6 (2025 அக்டோபர்), பிளாக் ஆப்ஸ் 7 (2025 நவம்பர்), ஹெல்டைவர்ஸ் 2 (2024 பிப்ரவரி).

டிவி

படம் திரைக்கு வரும் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோட் போடணும் என்பது எல்லாருக்கும் தெரியும். பலர் கோட்டைவிடும் இடம் வேறு. நிறைய டிவிகள் அந்த அமைப்பை ஒவ்வொரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கும். செட்டாப் பாக்ஸுக்காக ஒயரை மாற்றிக் குத்தினால் கேம் மோட் போய்விடும், யாரும் கவனிப்பதில்லை. நொடிக்கு 60 ஃபிரேம் (படம்) என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி செகண்ட். படத்தை வழவழப்பாக்கும் மோஷன் அமைப்பு ஓடினால் அதுபோலப் பல ஃபிரேம் தாமதம் மேலே ஏறும். பிறகு எந்தத் துப்பாக்கியும் கனமாகத்தான் இருக்கும்.

டெட்ஸோன்

கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக் நடுவில் நிற்கும்போது சின்ன அசைவுகளைக் கணக்கில் எடுக்காமல் விடும் வட்டம்தான் டெட்ஸோன். விளையாட்டோடு வரும் அளவு பெரும்பாலும் தேவைக்கு அதிகம். தேய்ந்த கன்ட்ரோலருக்கும் பொருந்தட்டும் என்று வைக்கிற அளவு அது. வட்டம் பெரிதானால் கட்டைவிரல் கொஞ்சம் நகர்ந்தும் ஒன்றும் நடக்காது, அப்புறம் குறி சட்டென்று தாவும். தூரத்தில் நிற்கிறவன் தலையை ஒட்டி ஒட்டித் தாண்டிப் போவது இதனால்தான்.

அளக்கும் முறை இது. பயிற்சி மைதானத்துக்குப் போய் வலது ஸ்டிக்கின் குறைந்தபட்ச டெட்ஸோனை 0 ஆக்கி, கன்ட்ரோலரை மேசையில் வைத்து 10 செகண்ட் பார்க்கவும். குறி நகர்ந்தால் ஒவ்வொன்றாகக் கூட்டவும். நின்றுவிட்டது என்று அதோடு விட்டுவிடக் கூடாது. நான்கு திசையிலும் ஸ்டிக்கை முழுக்கத் தள்ளி, திசைக்குப் பத்து முறை விட்டுப் பார்க்கணும். சும்மா கிடக்கும்போது நல்ல பிள்ளையாக இருக்கும் ஸ்டிக், ஒரு பக்கமிருந்து திரும்பும்போது மட்டும் நழுவும். எல்லாத் திசையிலும் நின்ற எண்ணோடு 1 கூட்டினால் போதும்.

கிடைத்த எண்கள்: புது கன்ட்ரோலருக்கு 3. இரண்டு வருசம் ஓடியதற்கு 9, அதுவும் இடப்பக்கமிருந்து விடும்போதுதான். இதைச் சுத்தம் செய்து பார்த்தோம். கன்ட்ரோலரை அணைத்து, ஸ்டிக்கை ஒரு பக்கம் சாய்த்து, அடியில் தெரியும் இடுக்கில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மூன்று சொட்டு. செல்போன் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். பிறகு வட்டமாக 30 சுற்று, அரை மணி நேரம் காயவிடுவது. 9 என்பது 5 ஆனது. இரண்டு வாரம் கழித்து 6.

கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரேயை இதில் அடிப்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். எண்ணெய் படலம் தங்கி, அடுத்த மாதத் தூசியையும் சேர்த்துப் பிடித்துவைக்கும். ஆல்கஹாலுக்கும் எல்லை உண்டு. உள்ளே ஒரு கரிப் பட்டை, அதன் மேல் உரசி ஓடும் ஒரு சிறு தொடுமுனை. தூசி என்றால் போகும். பட்டையே தேய்ந்திருந்தால் போகாது. அப்போது ஸ்டிக்கையே மாற்றணும்: 14 இடத்தில் ஈயத்தை உருக்கி எடுக்கும் வேலை. உரசலே இல்லாத ஹால் எஃபெக்ட் ஸ்டிக் போட்டால் தேய்மானம் தீரும், ஆனால் போட்டபின் நடுப்புள்ளியை மறுபடி சரிசெய்யாவிட்டால் புதுசிலேயே நழுவும்.

வெயிலும் கரண்ட்டும்

பிஎஸ்5 ஓட சோனி சொல்லும் அறை வெப்பம் 5 முதல் 35 டிகிரி. கத்திரி வெயிலில் நம்மூர் மதியம் அதைத் தாண்டித்தான் நிற்கும், அதிலும் மொட்டை மாடிக்குக் கீழ் ஹால் என்றால் கேட்கவே வேண்டாம். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைத்தால் அரை மணி நேரத்தில் விசிறி இரைகிறது. வெளியே எடுத்து, சுற்றிலும் 10 செமீ இடம் விட்டால் அந்த இரைச்சல் இல்லை. மதியம் 1 முதல் 4 வரை ஓட்டாமல் இருப்பது உத்தமம்.

கரண்ட் போய் வரும்போது மெஷின் மட்டும் அணைந்தால் இன்வெர்ட்டரைப் பாருங்கள். பல வீட்டு இன்வெர்ட்டர்களின் பின்னால் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். நார்மலில் மாறும் நேரம் கூடுதல். விசிறிக்கு அது தெரியாது, கன்சோல் செத்துவிடும். யுபிஎஸ் பக்கம் தள்ளியபின் ஒரு முறைகூட அணையவில்லை. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இதை நம்பி ஓட்ட வேண்டாம்.

இனி விளையாட்டுகள்

டூம்தான் கன்ட்ரோலருக்கு வாகானது. முந்தைய டூம் எடர்னலில் நொடிக்கொரு துப்பாக்கி மாற்றி, தாவித் தாவி, விரல் பத்தாது. இதில் நின்று அடிக்கிற ஆட்டம், கேடயம்தான் நடு. பச்சை நிறத்தில் வரும் தாக்குதலைக் கேடயத்தால் தட்டித் திருப்பணும். தட்டும் நேர அளவையும், எதிரியின் குண்டு வேகத்தையும், ஆட்ட வேகத்தையும்கூடத் தனித்தனி ஸ்லைடரில் மாற்றலாம். ஆனால் எப்போதும் அரைக் கணம் பிந்தியே தட்டுகிறீர்கள் என்றால் அந்த ஸ்லைடரைத் தொடாதீர்கள். முதலில் டிவியின் கேம் மோடைப் பாருங்கள். தாமதத்தைக் காட்டிக்கொடுப்பதில் இதைவிட நல்ல விளையாட்டு இந்த நான்கில் இல்லை. கண்ணில் அழகு, கதையில் அலுப்பு.

பேட்டில்ஃபீல்ட் 6-ல் பெர்ஃபாமன்ஸ் மோட் 60-க்கு மேல் ஃபிரேம் தரும். 60 ஹெர்ட்ஸ் டிவியில் அந்த மிச்சம் திரைக்கு வராது. அப்படியும் அதையே வைத்தோம். கட்டடம் இடிந்து விழும்போது ஃபிரேம் இறங்குமே, அந்த நேரத்துக்கு அந்த மிச்சம் கைகொடுக்கிறது. சுத்தியலால் சுவரை உடைத்து அடுத்த வீட்டுக்குள் போவதும், விழுந்த சேக்காளியை இழுத்துக்கொண்டே உயிர்ப்பிப்பதும் உண்மையான முன்னேற்றம். குறை: அமைப்புப் பட்டியல் தாமிரபரணி நீளம், டெட்ஸோனைத் தேடுவதற்குள் ஒரு மேட்ச் முடிந்துவிடும்.

பிளாக் ஆப்ஸ் 7-ன் மல்டிபிளேயரில் குறி பிடிப்பது மற்ற மூன்றையும்விட வழவழப்பு. பார்வைக் கோணம் 80-ல் வரும், 120 வரை போகலாம். 43 அங்குலத்தில் 8 அடி தூரத்துக்கு 95 முதல் 100 வரை சரி. 120 வைத்தால் தூரத்து ஆள் எறும்பாகிவிடுவான். குறி பார்க்கும்போதும் அந்தக் கோணமே இருக்கும்படி மாற்றினால் துப்பாக்கியின் உதறல் கண்ணுக்குக் குறைகிறது. கதைப் பகுதியான கேம்பெயின்தான் கோபம் வரவைக்கிறது. தனியாக ஆடினாலும் நெட் வேண்டும், நடுவில் பாஸ் கிடையாது. மழைக்கு முன் காற்றடித்தாலே ஃபைபர் லைன் போகிற ஊரில் இதை வாங்கி என்ன செய்ய?

பிங் (சர்வருக்குப் போய் வரும் நேரம், மில்லி செகண்டில்) பற்றி ஒரு வரி: வைஃபையில் 45-க்கும் 110-க்கும் நடுவே ஆடியது, லேன் ஒயரில் 45, 50-லேயே நின்றது. ஒயர் போட்டும் குதித்தால், வீட்டில் எந்தப் போன் போட்டோக்களை பேக்கப் ஏற்றுகிறது என்று பாருங்கள்.

ஹெல்டைவர்ஸ் 2-ல் பிரச்சினை இடது கட்டைவிரலுக்கு. உதவி கூப்பிட டி-பேடில் (நான்கு திசைப் பொத்தான்கள்) குறியீடு அடிக்கணும்: செத்தவனை அழைக்க மேல், கீழ், வலம், இடம், மேல், தோட்டா வேண்டுமானால் கீழ், கீழ், மேல், வலம். நடக்கும் ஸ்டிக்கும் அதே விரலுக்கு. ஆக, அடிக்கும்போது நிற்கணும், நின்றால் பூச்சி தின்றுவிடும். இடது ஆள்காட்டி விரலை மேலே வளைத்து டி-பேடுக்குக் கொண்டுவந்து, நடுவிரலை மேல்விளிம்பில் உள்ள எல்1 பொத்தானுக்கு விட்டால் நடந்துகொண்டே அடிக்கலாம். முதல் மூன்று நாள் கை வலிக்கும். நான்கு பேர் சேர்ந்தால் இந்தப் பட்டியலில் இதுதான் முதலிடம். ஆள் சேராவிட்டால் கடைசி.

ஆடி

ஆனி பிறந்து மேற்குக் காற்று தொடங்கியதும் ஹாலில் தினமும் நறநறவென்று மண். பிஎஸ்5-ன் பக்க மூடியைக் கழற்றினால் தூசி சேரும் இரண்டு துளைகள் தெரியும். சித்திரையில் சுத்தமாக இருந்தவை ஆடி இரண்டாம் வாரம் சாம்பல் நிறப் பஞ்சு. குறைந்த வேகத்தில் வேக்குவம் வைத்து உறிஞ்சணும், வெளியிலிருந்து ஊதினால் மண் உள்ளேதான் போகும். அதே வாரம் பழைய கன்ட்ரோலரை மறுபடி அளந்தால் 8. கன்ட்ரோலரை மேசையில் திறந்து போடாமல் டப்பாவுக்குள் வைத்து, அதே மூன்று சொட்டு: 6. புதுசு இன்னும் 3-லேயே நிற்கிறது.