ரத்தத்துல பாத்துச் சொல்லு கண்ணு

கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு லேபுல டெக்னீசியனா இருக்கேன். கேரளான்னாலும் இங்க வர்றவங்க பேச்சு பூரா தமிழ்தான். "கபம் கொண்டு வரணும்"னு மலையாளத்துல நர்ஸ் சொல்லிட்டுப் போயிடுவாங்க, நம்ம ஆயாமாருங்க வாதம் பித்தம் கபம்னு வைத்தியர் சொல்ற கபம்னு நெனச்சுட்டு வெறுங்கையோட வந்து நிப்பாங்க. சளிதாங்க ஆயான்னு நான்தான் சொல்லணும்.

போன மாசம் தென்னந்தோப்பு வேலைக்குப் போற ஒரு அக்கா, மூணு வாரமா இருமல், டிபி (காசநோய்) இருக்கான்னு பாக்க வந்தாங்க. சளிக்கு டப்பாவக் கொடுத்தா செவுத்துப் பக்கம் திரும்பி, தலைப்பால வாய மூடிக்கிட்டு ரொம்ப நேரம் முக்கிட்டு கடைசில கொண்டு வந்தது நுரை நுரையா வெறும் எச்சில். அதை ஸ்லைடுல தேச்சு என்ன பண்ண? "ரத்தம் வேணும்னா எவ்ளோ வேணாலும் எடுத்துக்க கண்ணு, இது வர மாட்டேங்குது"ன்னு கைய நீட்டுனாங்க.

அந்த வார்த்தைய கேட்டாலே எனக்கு பொள்ளாச்சி ஞாபகம்தான். மொத வேலை, ஒரு பிரைவேட் லேபு. அப்பல்லாம் ரத்தத்துல ஆன்டிபாடி, அதாவது கிருமிய எதிர்க்க உடம்பு செய்யுற பொருள் இருக்கான்னு பாக்குற டிபி கார்டு நல்லா ஓடிட்டு இருந்துச்சு, ரெண்டு சொட்டு, கொஞ்ச நேரத்துல கோடு வந்துரும், ஓனருக்கும் காசு. ஒரு லாரி டிரைவர் அண்ணனுக்கு நெகட்டிவ்னு என் கையாலதான் டைப் அடிச்சேன். மூணு மாசம் கழிச்சு வந்தாரு, பெல்ட்டுல ஆணியால புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருந்தாரு. சளிய ஸ்டெயின் பண்ணி பாத்தா நீலத்துக்கு நடுவுல செவப்பு குச்சி குச்சியா கொட்டிக் கெடக்கு. 2011ல உலக சுகாதார நிறுவனம் அந்த டெஸ்டே வேணாம்னு சொல்லி, 2012 ஜூன்ல நம்ம அரசாங்கம் தடை போட்டப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு. இக்ரான்னு இன்னொரு ரத்த டெஸ்ட் இருக்கு, அது கிருமி உள்ள நுழைஞ்சிருக்குன்னு காட்டும், ஆனா தூங்குதா முழிச்சிருக்கான்னு சொல்லாது.

இப்ப புதுசா பேசுற ரத்த டெஸ்ட் வேற மாதிரி. கிருமியவே தேடாம, அது வந்ததுக்கு நம்ம வெள்ளை அணுக்கள் என்ன கூச்சல் போடுதுன்னு கேக்குறது. ஜிபிபி5, டஸ்ப்3, கேஎல்எஃப்2ன்னு மூணு ஜீன், விரல்ல ஒரு குத்து, நாம சிபிநாட் (சளில கிருமியோட டிஎன்ஏவத் தேடுற டெஸ்ட்) போடுற அதே மெஷின், ஒரு மணி நேரத்துக்குள்ள ஸ்கோர். சளி துப்பத் தெரியாத புள்ளைங்களுக்கு இது பெரிய விசயம்தான். ஆனா வைரஸ் காய்ச்சலுக்கும் உடம்பு கிட்டத்தட்ட அதே கூச்சல்தானே போடும்? மொதல்ல வடிகட்டுற டெஸ்டுக்கு உலக சுகாதார நிறுவனம் 2014ல வச்ச கோடே, டிபி இருக்குற 100 பேர்ல 90 பேரப் புடிக்கணும், இல்லாத 100 பேர்ல 70 பேர சரியா விட்டாப் போதும்கிறதுதான். மீதி 30 பேரு சும்மாவே பயந்துட்டு டப்பாவத் தூக்கிட்டு என்கிட்ட வருவாங்க. எங்க லேபுக்கு வந்தா மொத ஆளா நானே விரல்ல குத்துவேன், ஆனா அத மட்டும் வச்சு டிபின்னு டைப் அடிக்க இந்தக் கை வராது.

அந்த அக்காகிட்ட, காலைல சாப்பிடாம வாயக் கொப்புளிச்சுட்டு மூச்ச நல்லா இழுத்து நிறுத்தி ரெண்டு மூணு தடவை விட்டு அடிவயித்துல இருந்து இருமுங்கன்னு நடிச்சே காட்டுனேன். மறுநாள் மொத பஸ்ஸுல மஞ்சப்பைக்குள்ள டப்பாவோட வந்துட்டாங்க, கெட்டியா மஞ்சளா வந்திருந்துச்சு. சிபிநாட்ல ரெண்டு மணி நேரத்துல தெரிஞ்சுபோச்சு, டிபிதான், நல்லவேளை ரிஃபாம்பிசின்கிற முக்கியமான மருந்துக்குக் கேக்குற டிபி.

"அன்னைக்கே ரத்தத்துல பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமுல்ல கண்ணு?"

சுகர் பாக்கணும்ங்க்கா, கைய நீட்டுங்கன்னேன்.